மடிக்கு வாங்கிப்போன பிள்ளை

சவுரியம்மாளைப் பற்றி எழுதுவதற்கு நான் தகுதியானவன் இல்லை. ஆனால் வேறு யாரும் எழுதப்போவதில்லை. திண்டிவனத்துச் சேரியில் கூலிக்குக் களையெடுத்தவளைப் பற்றி எழுத யார் காத்துக்கொண்டிருக்கிறார்கள்? அந்த ஊர் ஆஸ்பத்திரி ஒன்றில் கம்பவுண்டராக இருந்த துரைக்கண்ணு நான். கோபம் வருகிற இடத்தில் கோபமாகத்தான் எழுதுவேன். அதில் பாதி என்மேலேயே உள்ள கோபம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவள் பிறந்தது விழுப்புரத்தை ஒட்டிய சேரியில். முப்பத்தொன்றாம் வருஷம், ரயில்வே கேங்கில் வேலை பார்த்த ராயப்பனுக்கு வாழ்க்கைப்பட்டுத் திண்டிவனம் வந்தாள். ஒலக்கூர் வரைக்கும் தண்டவாளத்தைப் பார்த்துக்கொள்வது ராயப்பனுடைய கேங்கின் பொறுப்பு. ஆறு வருஷத்துக்குள் மூன்று பிள்ளைகள் பிறந்தன. முதலாவது இருபது நாள் இருந்தது. இரண்டாவது மூன்று மாதம். மூன்றாவது ஒன்றரை வயது வரை இருந்து, அம்மா என்று கூப்பிடக் கற்றுக்கொண்டபின் போயிற்று.

அதற்கப்புறம் அவளுக்குப் பிள்ளை தங்காதவள் என்று பெயர் வந்துவிட்டது. வளைகாப்பு வீட்டுக்கு அவளைக் கூப்பிட மாட்டார்கள். குழந்தை பிறந்த வீட்டு வாசல் வழியாக அவள் போகக் கூடாது. கிணற்றடியில் அவளைக் கண்டால் பிள்ளைத்தாய்ச்சிகள் முந்தானையை இழுத்து வயிற்றை மூடிக்கொள்வார்கள். சண்டையில்லை, ஏச்சில்லை, சும்மா மூடிக்கொள்வார்கள். அதைப் பார்த்துப் பார்த்து, எதிரே யாராவது வயிற்றுப்பிள்ளையோடு வந்தால் அவளே சுவரோரமாகத் திரும்பி நின்றுகொள்ளப் பழகிவிட்டாள். தாய் இல்லாத தங்கை இருதயமேரியை எடுத்து வளர்த்து, விழுப்புரத்தில் கட்டிக்கொடுத்தது அவள்தான். அந்தக் கல்யாணத்தில்கூடத் தாலித் தட்டைத் தொட அவளை விடவில்லை.

நாற்பத்தைந்தில் நாலாவது பிள்ளை பிறந்தது, ஆண். பிள்ளை தங்காத வீட்டில் பிறந்தவனுக்கு என்ன செய்வார்களோ அதையெல்லாம் செய்தார்கள். குப்பைமேட்டில் ஒரு தரம் கிடத்தி எடுத்தார்கள். மூக்கைக் குத்திச் செப்புவளையம் போட்டார்கள். இது யாரும் ஆசைப்படாத பிள்ளை என்று நினைத்துச் சாவு விட்டுவிட்டுப் போய்விடுமாம். கோயிலில் சவுரிராயன் என்று ஞானஸ்நானம், தெருவில் மூக்கன். சாமியார் வளையத்தைக் கழற்றச் சொல்லிக் கண்டித்திருக்கிறார்.

"சாமி, நீங்க தொட்டு ஜெபிச்சதும் இருக்கட்டும், இதுவும் இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாளாம்.

அந்தத் துளை ஒழுங்காக ஆறவேயில்லை. பொருக்குத் தட்டும், உதிரும், மறுபடி சீழ் கசியும். நாற்பத்தாறு நவம்பர் கடைசியில் பையனுக்கு முகம் வீங்கி, வலது கண் மூடிப்போய், காய்ச்சலோடு தூக்கிக்கொண்டு வந்தாள். எங்கள் டாக்டரம்மா ஞானமதி. செஞ்சிப் பக்கத்துச் சமணக் குடும்பம், சென்னையில் படித்தவர். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுவார். அந்தக் கால்மணி தவிர மற்ற நேரமெல்லாம் அவரை வார்டில்தான் பார்க்கலாம். பையனைத் தொட்டுப் பார்த்தவர், முதல் வேலையாக அந்த வளையத்தை வெட்டி எடுத்தார். பிறகு என்னைப் பார்த்து, "பெனிசிலின் கொண்டா" என்றார்.

உலகச் சண்டை முடிந்து, அந்த மருந்து அப்போதுதான் எங்கள் பக்கம் எட்டிப் பார்த்திருந்தது. சென்னையிலிருந்து ஐஸில் புதைத்து ரயிலில் வரும். மூன்று மணிக்கு ஒரு தரம் ஊசி. ஊசியைக் கொதிக்கவைப்பது, மருந்தைக் கரைப்பது, கத்துகிற பையனைப் பிடித்துக் குத்துவது எல்லாம் நான்தான். நாலாம் நாள் காலையில் பையன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து அழுதான். பெனிசிலின் இல்லாத காலத்தில் அந்த மாதிரி வீக்கத்தோடு வந்த குழந்தைகள் திரும்பிப்போய் நான் பார்த்ததில்லை.

டாக்டரம்மா எட்டு நாள் ஊசி எழுதியிருந்தார். நாலாம் நாள் மத்தியானம் சவுரியம்மாள் பையனைத் துணியில் சுற்றிக்கொண்டு மருந்து அறை வாசலில் வந்து நின்றாள்.

"ஐயா, நாளைக்கி எங்க சவுரியார் திருநாளு. புள்ளை கண்ணு தொறந்தா தேருக்கு முன்னால கொண்டாந்து படுக்க வெக்கிறேன்னு வேண்டிக்கினேன். தொறந்துட்டான். போவாம இருந்தா, குடுத்தவரு கேக்க மாட்டாரா?"

"இன்னும் நாலு நாள் ஊசி பாக்கி இருக்குதே."

"தேரு முடிஞ்சதும் வந்துடுறேங்க."

டாக்டரம்மா ஆபரேஷன் அறையில் இருந்தார். நான் போய்ச் சொல்லியிருக்கலாம். நாலு நாளாகத் தூக்கம் கெட்டுக் கிடந்தவன், ஒரு ஊசி குறைந்தால் சரி என்று நினைத்தேன். இதுதான் உண்மை. "போய்ட்டு ஜல்தி வா" என்றேன்.

அவள் வரவில்லை. ஏன் வருவாள்? தேர் முன்னால் படுத்திருந்த பையன் எழுந்து உட்கார்ந்து பொரி கேட்டானாம். அப்படிப்பட்ட பிள்ளையைக் குத்துவதற்கு எந்தத் தாய் திரும்பக் கொண்டுவருவாள்?

ஒரு மாதத்துக்குள் சேரி முழுக்க மூக்கன் பேச்சுதான். சாவைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்த பிள்ளை என்று சொன்னார்கள். எங்கள் பக்கத்தில் வளைகாப்பு நடத்தும்போது நல்ல ஆண்பிள்ளை ஒன்றைக் கர்ப்பிணியின் மடியில் உட்காரவைத்து எடுப்பது உண்டு. அதற்கு மூக்கனைவிட நல்ல பிள்ளை எங்கே கிடைக்கும்? முதலில் வந்தவள் அடுத்த வரிசைக் கோவிந்தம்மாள். பத்து வருஷமாக இவளைக் கண்டு மகளையும் மருமகளையும் உள்ளே அனுப்பியவள்.

"சவுரியம்மா, புள்ளைய ஒரு நாழி குடு. எங்க ஊட்டுப் பொண்ணு மடியில உக்கார வெச்சி எடுக்கணும். நீயும் வா. நீ இல்லாமயா?"

அந்த "நீயும் வா"வைப் பின்னால் எனக்குச் சொல்லும்போதுகூட அவள் இரண்டு தரம் திருப்பிச் சொன்னாள். கல்யாணப் புடவையைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கட்டிக்கொண்டு போனாள். அந்த வருஷம் பதினொரு மடி என்று விரல்விட்டு எண்ணிக் காட்டினாள். குழந்தை பிறந்ததும் மறுபடி வந்து மூக்கனைத் தூக்கிப்போய்ப் பச்சைப்பிள்ளை பக்கத்தில் படுக்கவைப்பார்கள், அவனுடைய ராசி ஒட்டட்டும் என்று. அவன் மூக்கை நோண்டிய கையால் பாப்பாவின் கன்னத்தைத் தடவி முத்தம் கொடுப்பான். எல்லாரும் சிரிப்பார்கள். இவளும் பக்கத்தில் உட்கார்ந்து, முந்தானையால் மகன் மூக்கைத் துடைத்துவிட்டு, அதே கையால் பச்சைப்பிள்ளையை வாங்கி மடியில் போட்டுக்கொள்வாள். பத்து வருஷப் பசி.

அதே நாற்பத்தேழில் எங்கள் ஆஸ்பத்திரிக்குச் சீழ்க்கொப்புளத்தோடு பச்சைக்குழந்தைகள் வர ஆரம்பித்தன. தொப்புளைச் சுற்றி, அக்குளில், தொடையிடுக்கில். பால் கொடுத்த தாய்க்கு மார் கட்டிச் சீழ் பிடித்துக்கொள்ளும். நான் நிமிர்ந்துகொண்டு பெனிசிலினைக் கரைத்தேன். ஒன்றும் ஆகவில்லை. தண்ணீரைக் குத்தினாலும் அவ்வளவுதான் ஆகியிருக்கும். ஐஸ் உருகி மருந்து கெட்டுவிட்டது என்று டாக்டரம்மா என்னைத் திட்டினார். புதுப் புட்டி வந்தது, அதுவும் அப்படியே. ஆனால் அதே புட்டியிலிருந்து போட்ட ஊசியில் வேறொருவருக்கு நிமோனியா இறங்கிற்று. அப்போதுதான் அவர் முகம் மாறியது. குழந்தைகளின் சீழைச் சின்னக் குழாய்களில் அடைத்துச் சென்னைக்கு அனுப்பினார்.

பதில் வருவதற்குள் சவுரியம்மாளின் தங்கை மேரி பிரசவத்துக்கு வந்துவிட்டாள்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் நடக்க வேண்டும். மேரிக்குத் தாய்வீடு என்றால் அக்காள் வீடுதான். முந்தைய வருஷமாக இருந்தால் விழுப்புரத்து மாமியார் அனுப்பியிருக்கவே மாட்டாள். இப்போது மூக்கன் இருக்கிறானே! தங்கையைக் காட்டுவதற்கு ஆஸ்பத்திரிக்கு வந்த சவுரியம்மாள், என்னைக் கண்டதும் பல் தெரியச் சிரித்தாள்.

"ஐயா, எங்க ஊட்ல பிரசவம்ங்க. என் ஊட்ல! கேப்பை மாவும் கருப்பட்டியும் இப்பவே வாங்கி வெச்சிட்டேன்."

நாற்பத்தெட்டு தை மாதம் பெண் பிறந்தது. சவுரியம்மாள்தான் முதலில் கையில் வாங்கினாள். மூக்கனைக் கூப்பிட்டு, "தங்கச்சிடா, முத்தம் குடு" என்றாள். நாலாம் நாள் கழுத்தில் ஒரு கொப்புளம். ஆறாம் நாள் உடம்பெல்லாம். அன்று மத்தியானமே தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள், பின்னாலேயே மாரைப் பிடித்துக்கொண்டு மேரி.

ஊசி, ஊசி என்று அவள் கெஞ்சியது இன்னும் காதில் இருக்கிறது. "மூக்கனுக்குப் போட்டீங்களே, அந்த மஞ்ச மருந்து, அதையே போடுங்கய்யா." போட்டேன். மூன்று மணிக்கு ஒரு தரம், ஒன்றுகூடத் தவறாமல், இந்தத் தடவை சலிக்காமல் போட்டேன். பதினோராம் நாள் விடிந்த பிறகு குழந்தை போய்விட்டது. மேரியின் இடது மாரைக் கீறிச் சீழை வடித்து, ஒரு மாதம் கட்டுக்கட்டி உயிரைக் காப்பாற்றினோம். அதில் இனிப் பால் வராது.

குழந்தையைப் புதைத்த மூன்றாம் நாள் சென்னைக் கடிதம் வந்தது. எல்லாக் குழாயிலும் ஒரே கிருமி, பெனிசிலினுக்கு மசியாத கிருமி என்று எழுதியிருந்தது. டாக்டரம்மா தாய்மார்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, பிள்ளையை யார் யார் தொட்டார்கள் என்று கேட்டார். மாமியார், நாத்தனார், மருத்துவச்சி என்று பட்டியல் வீட்டுக்கு வீடு மாறியது. ஒரு பெயர் மட்டும் மாறவில்லை. மூக்கன்.

அவனுடைய மூக்கில் பஞ்சு விட்டு எடுத்தார். "நம்ம மூக்கையும் பாக்கணும்" என்று சொல்லித் தம்முடைய மூக்கு, ஆயாக்கள் மூக்கு, என் மூக்கு எல்லாவற்றிலும் எடுத்தார். மூன்று வாரத்தில் பதில் வந்தது. இரண்டு மூக்கில் அதே கிருமி. ஒன்று மூக்கனுடையது, மற்றது என்னுடையது.

டாக்டரம்மா கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். "அவன் பாதியில ஊசிய விட்டதுல மிஞ்சினது பெருகியிருக்கலாம். இல்ல, நாலு நாளு இங்க கிடந்தானே, அப்ப உன் கையிலேர்ந்து அவனுக்குப் போயிருக்கலாம். எது முந்தின்னு யாராலயும் சொல்ல முடியாது." நான் அவர் காலில் விழாத குறையாக, என் பெயரை வெளியே சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அவர் சொல்லவில்லை. மூக்கில் மருந்து பூசிக்கொண்டு, இரண்டு மாதம் பிரசவ வார்டுப் பக்கம் வராதே என்றார். சம்பளத்தோடு சும்மா இருந்தேன்.

சவுரியம்மாளைக் கூப்பிட்டுச் சொல்லும்போது நானும் அந்த அறையில் இருந்தேன். பையன் மேசைக்கடியில் விளையாடிக்கொண்டிருந்தான்.

"இவனுக்குத்தான் ஒண்ணுமே இல்லையேம்மா" என்றாள்.

"இவனை ஒண்ணும் பண்ணாது. மூக்குக்குள்ள சும்மா குடியிருக்குது. கைய மூக்குல வெக்கிறான், அந்தக் கையால பச்சப்புள்ளயத் தொடுறான். துணியில ஒட்டும், பாயில ஒட்டும், உன் முந்தானையில ஒட்டும். பச்சப்புள்ள ஒடம்பு அதத் தாங்காது."

"ஊசி போட்டுச் செத்துப்போச்சே அந்தப் பூச்சி?"

"எல்லாம் சாவல. மருந்துக்கு மசியறது செத்துடுச்சி. மசியாதது நின்னுபோச்சி. அது பெருகுச்சி."

அவள் மேசைக்கடியில் இருந்த பையனைப் பார்த்தாள். பிறகு அவளே சொன்னாள். "மல்லாட்டைக் கொல்லையில கோரை புடுங்குற மாதிரி. மேல புல்லெல்லாம் போயிடும். கெழங்கு உள்ளயே நிக்கும். அப்பறம் கொல்லை பூரா அதுதான்." டாக்டரம்மா தலையசைத்தார். நான் பார்த்த படித்தவர்களில் பாதிப் பேருக்கு இது இவ்வளவு சீக்கிரம் புரிந்ததில்லை. புரியாமலே இருந்திருக்கலாம் என்று அவள் முகத்தைப் பார்த்தபோது நினைத்தேன்.

"அப்பிடின்னா மேரி கொழந்தைய..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டாள். "கையில வாங்கினதே நான்தானேம்மா."

டாக்டரம்மா என்னைப் பார்க்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

அதைக் கொல்ல ஊசி கிடையாது. துணியைக் கொதிக்கவை, கையைச் சோப்புப் போட்டுக் கழுவு, பச்சைக்குழந்தை பக்கம் பையனை விடாதே, வாரத்துக்கு இரண்டு தரம் மூக்கில் ஊதா மருந்து பூசு. இவ்வளவுதான். என் தண்டனைக் காலம் முடிந்ததும் பூசுகிற வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். ஒரு கம்பவுண்டர் சேரிக்குள் நுழைகிறான் என்று என் தெருவில் முணுமுணுத்தார்கள். போனால் போகட்டும் என்று விட்டுவிட்டேன். எனக்கு அங்கே போகாமல் இருக்க முடியவில்லை.

சவுரியம்மாள் அன்றிலிருந்து மூக்கனை யாருக்கும் கொடுக்கவில்லை. வந்தவர்களிடம் உள்ளதை உள்ளபடி சொன்னாள். அவன் மூக்கில் பூச்சி இருக்கிறது, பச்சைப்பிள்ளைக்கு ஆகாது என்று. யாரும் நம்பவில்லை. கொழுகொழுவென்று தெருவில் ஓடுகிற பிள்ளைக்கு என்ன பூச்சி?

"புள்ளை பொழச்சிட்டான்னு தலைக்கனம் ஏறிப்போச்சி" என்றாள் கோவிந்தம்மாள், அவள் காதில் விழும்படியாகவே.

அவள் களையெடுக்கப் போயிருக்கும் நேரம் பார்த்துப் பையனைத் தூக்கிப்போய் மடியில் வைத்து எடுத்தார்கள். ஊதா மூக்கைக் கண்டு அதையும் ராசி என்று எடுத்துக்கொண்டார்கள். கைக்குழந்தையோடு வந்த ஒருத்தி, "கொஞ்சம் எங்க புள்ளை கன்னத்துலயும் ஒரு பொட்டு வெச்சி உடுங்கய்யா" என்று என்னிடமே கேட்டாள். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அந்த வருஷம் இன்னும் இரண்டு குழந்தைகளைப் புதைத்தார்கள். அதில் ஒன்று கோவிந்தம்மாள் பேத்தி. அப்போதும் யாரும் மூக்கனைச் சொல்லவில்லை. ஆண்டவர் எடுத்துக்கொண்டார் என்றார்கள்.

நாற்பத்தொன்பது ஆடி. நான் பஞ்சுக்குச்சியை ஊதா மருந்தில் தோய்த்துக்கொண்டிருந்தபோது மேரி துணிமூட்டையோடு வாசலில் வந்து நின்றாள். ஏழு மாத வயிறு. விழுப்புரத்திலிருந்து காலை வண்டியில் வந்திருந்தாள். கேட்காமலே வந்து மூக்கனைத் தூக்கப் போனாள். சவுரியம்மாள் குறுக்கே வந்து நின்றாள்.

"தொடாத. நான்தான் சொல்லியனுப்பினேன் இல்ல, இங்க வராதன்னு."

"இன்னாக்கா நீ, அந்தப் பூச்சிக் கதையவே புடிச்சிக்கினு. கம்பவுண்டர் ஐயா எதிர்ல கேக்குறேன், பூச்சி இருக்குற புள்ளை இப்பிடியா இருப்பான்?"

"உண்மைதாம்மா. டாக்டரம்மா சொன்னது நிஜம்" என்றேன்.

"உங்களுக்கு இன்னாங்க தெரியும், எனக்கு இந்த ஊட்ட உட்டா யாரு இருக்கா? என் மாமியா கையில பெத்துக்கச் சொல்றியாக்கா? போன தடவ போனது என் விதி. நான் இங்கதான் பெத்துக்குவேன். இவன் என் மடியில உக்காந்தாத்தான் எனக்கு மனசு ஆறும்."

மூட்டையை இறக்கிவைத்துவிட்டு, கையை நீட்டி, "வாடா என் ராசா" என்றாள். பையன் ஓடினான். சவுரியம்மாள் அவன் கையைப் பிடித்து இழுத்துத் தன் பின்னால் தள்ளினாள். அவள் முகம் எப்படியோ ஆகிவிட்டது. வேறு யாரோ பேசுகிற மாதிரி பேசினாள்.

"பூச்சியாவது ஒண்ணாவது. நான் பொய் சொல்லிக்கினு இருந்தேன். உன் புள்ளைய எடுத்தது என் கண்ணுடீ. மூணு புள்ளைய மண்ணுல போட்டவ நான். நீ மொத புள்ளையே முழுசாப் பெத்துட்டு படுத்திருந்த. பாத்தேன், எனக்கு வயிறு எரிஞ்சிது. அன்னிக்கே தெரியும் அது நிக்காதுன்னு. இப்ப வந்து வயித்தத் தள்ளிக்கினு எதிர்ல நிக்கிற. இதையும் என் கண்ணு சும்மா உடாது. ஊர்ல எல்லாருக்கும் போய்ச் சொல்லு."

மேரி அவளையே பார்த்தாள். பிறகு மெதுவாக முந்தானையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டாள். மூட்டையை எடுத்துக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

நான் பஞ்சுக்குச்சியோடு நின்றுகொண்டிருந்தேன். அப்போது சொல்லியிருக்கலாம். அந்தப் பெண்ணை நிறுத்தி, பூச்சி நிஜம்தான், அது என் மூக்கிலும் இருந்தது, என் கையிலிருந்துகூட உன் அக்காள் பிள்ளைக்கு வந்திருக்கலாம் என்று. ஒரு கம்பவுண்டர் சொன்னால் நம்பியிருப்பாளோ என்னவோ. வேலை போய்விடும் என்று பயந்தேன். அக்காள் பொய் சொல்ல, நான் நிஜத்தை விழுங்கினேன்.

சவுரியம்மாள் பையனின் முகத்தை இரண்டு கையாலும் நிமிர்த்திப் பிடித்தாள்.

"பூசுங்கய்யா" என்றாள்.

மேரி சொன்னாளோ, வாசலில் நின்றவர்கள் கேட்டார்களோ, ரெண்டு நாளில் சேரி முழுக்கத் தெரிந்துவிட்டது. கிருமியை நம்பாதவர்கள் இதை உடனே நம்பினார்கள். அவளே ஒப்புக்கொண்டுவிட்டாளே! அதற்குப் பிறகு மூக்கனை யாரும் மடிக்கு வாங்கிப்போகவில்லை. அவனோடு விளையாடவும் பிள்ளைகளை விடவில்லை. களையெடுக்கிற வரிசையில் அவளுக்கு இரண்டு பக்கமும் ஓர் ஆள் இடம் காலியாக இருக்கும். அந்த வருஷக் கடைசிவரை சேரியிலிருந்து கொப்புளத்தோடு ஒரு குழந்தைகூட எங்களிடம் வரவில்லை.

ஐப்பசியில் ஒரு நாள் நான் போனபோது அவள் துணிப் பானையின்கீழ் விறகைத் தள்ளிக்கொண்டிருந்தாள். ராயப்பன் விழுப்புரத்திலிருந்து செய்தி கொண்டுவந்திருந்தான்.

"மேரிக்கு ஆம்பளப்புள்ள பொறந்து இருவது நாளு ஆவுதாம். இவர அவங்க வாசல்லயே நிக்க வெச்சிப் பேசி அனுப்பிட்டாங்க. பேரு இன்னா வெச்சாங்கன்னுகூட சொல்லல." அடுப்பை ஊதிவிட்டு நிமிர்ந்தாள். கண் சிவந்திருந்தது. "கொப்புளம் ஒண்ணும் இல்லியாங்கய்யா. ஒடம்பு சுத்தமா இருக்குதாம்."

நான் குச்சியை மருந்தில் தோய்த்தேன். என் மூக்கைப் பற்றி அவளிடம் அன்றைக்கும் சொல்லவில்லை. மூக்கன் என் எதிரே வந்து, பழகிப்போனவனாக, முகத்தைத் தூக்கிக் காட்டினான்.